இளங்கொடியில் சீனி

எழுத வருகிறவர்களுக்குப் படிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணிச்சலாவது இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. நாலு பேர் இருக்கிற இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் விஞ்ஞானம் கலந்த ஒரு விடயத்தை எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விளங்கியதை விளங்கிய அளவில் எழுதுகிறேன். விளங்காததை விளங்கவில்லை என்றே எழுதுகிறேன்.

எழுபதுகளில் நான் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வைத்தியசாலையின் பிரசவ அறையில் அற்றென்டனாக இருந்தேன். தரை கழுவுவது, துணி மாற்றுவது, வெந்நீர் வைப்பது என் வேலை. பிள்ளை பிறந்த பிறகு வருகிற நச்சுக்கொடியை ஏந்தியெடுத்து அப்பால் கொண்டுபோவதும் என் வேலைதான். எங்கள் பக்கத்தில் அதை இளங்கொடி என்போம். கேட்கிற குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவோம். அவர்கள் அதைத் தங்கள் வளவில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைப்பார்கள். நாய் கிளறக்கூடாது, காகம் தொடக்கூடாது. கேட்க ஆளில்லாதது வைத்தியசாலைக்குப் பின்னாலிருந்த கிடங்குக்குப் போகும்.

என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மீதி விளங்காது. எனக்கு மூன்று தரம் வயிற்றில் உண்டாகி மூன்றும் தங்கவில்லை. முதல் இரண்டும் சில மாதங்களிலேயே போய்விட்டன. மூன்றாவது முழுமாதம். நான் நாள்தோறும் கழுவித் துடைத்த கட்டிலிலேயே பிறந்தது. பெண்பிள்ளை, அழவில்லை. ஞானஸ்நானம் கொடுக்க உயிர் இல்லை என்பதால் சேமக்காலையில், மற்றக் கல்லறைகளுக்கு அப்பால் வேலி ஓரத்தில் வைத்தார்கள். அதன் இளங்கொடி எங்கே போனதென்று நான் கேட்கவில்லை. ஏன் இப்படி நடந்தது என்று பெரிய டொக்டரிடம் என் கணவர் கேட்டார். "சிலருக்கு அப்படித்தான்" என்றார் டொக்டர்.

என் கணவர் தோணியில் இறால் பிடிக்கிறவர். அதன் பிறகு அவர் விறாந்தையில் பாய் போட்டார், நான் உள்ளே படுத்தேன். எங்களுக்குள் சண்டை இல்லை. வீடும் வளவும் என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்தவை. அந்த வளவைப் பார்த்து என் மச்சாள், அதாவது கணவரின் தமக்கை, ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"உன்ட வளவில தென்னம்புள்ளைக்கு வெட்டின குழிய விட்டா வேற குழியே இல்லையேகா."

இளங்கொடிக் குழியைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மிஸ் வந்தார். மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர், கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. என்னைவிட இளையவர். பெரிய மரப்பெட்டிகளோடு புகையிரதத்தில் வந்து இறங்கினார். எக்ஸ்றே அறைக்குப் பக்கத்தில் பழைய சாமான்கள் கிடந்த ஒரு சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அவர் யன்னல்களுக்குக் கறுப்புத்துணி அடித்தார், பெட்டியிலிருந்து ஒரு நுணுக்குக்காட்டியை எடுத்து வைத்தார். அதற்கென்று தனியாக ஒரு விளக்கு இருந்தது. ஒருமுறை அணைந்தால் சூடு ஆறும்வரை திரும்ப எரியாது.

முதல் நாள் அவர் பிரசவ அறைக்கு வந்து, இளங்கொடியில் இருக்கும் சீனியைப் பற்றிப் படிக்க வந்திருப்பதாகச் சொன்னார். அது கூப்பன் கடை வாசலில் சீனிக்கு வரிசையில் நின்ற காலம். அங்கிருந்த மருத்துவிச்சி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"என்ன மிஸ் சொல்றீங்க? சனம் சீனி இல்லாம வெறுந்தேத்தண்ணி குடிக்குது. அவ்வளவும் இதுக்குள்ளயா கிடந்த?"

"இது தேத்தண்ணிச் சீனி இல்ல மிஸ்ஸி."

"எந்தச் சீனியெண்டாலும் எங்களுக்கும் ரெண்டு கரண்டி வையுங்க. நாங்கதானே பிடிச்சுத் தாற."

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். உதவிக்கு ஒரு ஆள் வேண்டுமென்று அவர் கேட்டபோது தாதிமாருக்குப் பொறுப்பான மேற்றன் என்னைக் காட்டினார். "இவவக் கூட்டிக்கொண்டு போங்க. வேலை செய்வா, கதைக்க மாட்டா" என்றார்.

அன்றிலிருந்து பிரசவம் முடிந்ததும் தாயிடமும் அவளோடு வந்தவர்களிடமும் நான்தான் கேட்க வேண்டும். என் கூச்சத்தில் அது பெரிய வேலை. "படிக்கிறதுக்கு ஒரு சின்னத் துண்டு, நகத்தளவு. மிச்சத்தை உங்களிட்டயே தருவம்" என்று பாடமாக்கி வைத்திருந்தேன். சிலர் சம்மதித்தார்கள், சிலர் என்னை விரட்டினார்கள். சம்மதித்தால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொண்டு ஓடுவேன். மிஸ் தாயின் பக்கத்தில் ஒட்டியிருந்த இடத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, உப்புநீரில் இரத்தம் போகக் கழுவி, இரண்டு ஊசிகளால் பிரிப்பார். அது தண்ணீருக்குள் கிளைகிளையாக விரியும். வாவியில் வலையோடு ஏறி வரும் பாசியைத் தண்ணீரில் போட்டால் எப்படி விரியுமோ அப்படி.

துண்டு வைக்கும் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்பேன். அவர் தானாகவே விளக்கிச் சொல்லுவார். உடம்பு கலம் கலமாகக் கட்டப்பட்டிருக்கிறதாம். ஒவ்வொரு கலத்தின் வெளிப்புறத்திலும் வகைவகையான சீனிகள் மயிர் போல முளைத்து நிற்கின்றனவாம். சில விதைகளுக்குள் லெக்டின் என்று ஒரு சாமான் இருக்கிறது. குன்றிமணியில் ஒன்று, ஆமணக்கில் ஒன்று, வாளவரையில் ஒன்று. ஒவ்வொன்றும் தனக்குப் பொருத்தமான சீனியை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும், மற்றதைத் தொடாது. லெக்டினில் மின்னுகிற சாயம் ஏற்றி விட்டால், அது பிடித்த இடம் அந்த விளக்கின் வெளிச்சத்தில் பச்சையாகத் தெரியும். பச்சை தெரிந்தால் அந்தச் சீனி அங்கே இருக்கிறதென்று பொருள்.

சாயம் ஏற்றிய லெக்டின்கள் வெளிநாட்டிலிருந்து சின்னச் சின்னக் குப்பிகளில் வந்தன. தடுப்பூசி மருந்து வைக்கும் பிரிட்ஜில் ஒரு மூலையில் அவற்றுக்கு இடம். குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது கச்சான்ல எடுத்தது" என்றார். நிலக்கடலையைத்தான் நாங்கள் கச்சான் என்போம்.

"கச்சானா மிஸ்? திருவிழாவில விக்கிற கச்சானா?"

"அதே கச்சான்தான் அக்கா. ஒரு மூடை கச்சானையே வாங்கலாம் இந்தக் குப்பி விலைக்கு."

கச்சான்தான் அவருக்கு முக்கியம். இளங்கொடியில் மற்ற லெக்டின்கள் ஒட்டும், கச்சான் லெக்டின் மட்டும் ஒட்டாது. அது தேடும் சீனி அங்கே இருக்கிறது. ஆனால் அதற்கு மேல் வேறொரு சீனி மூடி போல இருக்கிறது. ஒரு மருந்து விட்டு அந்த மூடியைக் கழற்றினால் கச்சான் உடனே போய் ஒட்டிக்கொள்ளும்.

"மூடி என்னத்துக்கு மிஸ்?" அன்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அது தெரிஞ்சா நான் இவ்வளவு பெட்டியோட இஞ்ச வந்திருக்க மாட்டன்" என்று சிரித்தார். பிறகு ஊசியை வைத்துவிட்டுச் சொன்னார்: "யோசிச்சுப் பாருங்க அக்கா. கையில ஒரு சிராய் ஏறினாலே உடம்பு சீழ் வச்சு வெளிய தள்ளுது. புள்ளை பாதி அப்பாட பங்கு. தாய்ட உடம்புக்குப் பாதி பிறத்தி ஆள். ஆனா தள்ளாம பத்து மாசம் வச்சிருக்கு. தாய்ட ரத்தம் வந்து தொடுறது இந்த இளங்கொடிட மேற்பரப்பைத்தான். அங்க இருக்கிற மூடிதான் புள்ளையைக் காப்பாத்துதோ எண்டு சில பேர் நினைக்கிறாங்க. நினைப்புத்தான். இன்னும் ஒருத்தரும் காட்டயில்ல."

நான் கண்ணாடியைத் துடைத்த கையோடு அப்படியே நின்றேன். என் உடம்பு தள்ளிய மூன்றும் நினைவுக்கு வந்தன. அவற்றுக்கு மூடி இல்லாமல் இருந்திருக்குமோ? அப்படியானால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மச்சாள் அயலில் சொல்லித் திரிகிற தோஷமும் இல்லை, டொக்டர் சொன்ன "சிலருக்கு அப்படித்தான்" என்பதும் இல்லை. காரணம் இருந்தால் மருந்தும் இருக்கலாம்.

அதன் பிறகு எனக்கு வேறு நினைவு இல்லை. அவரிடம் கேட்க ஒரு கேள்வியை வைத்திருந்தேன்: மூடி இல்லாத இளங்கொடியும் இருக்குமா மிஸ்? தரை கழுவும்போது கேட்டுப் பார்ப்பேன், வேலை முடிந்து வாவிக்கரையால் நடக்கும்போது கேட்டுப் பார்ப்பேன். அறைக்குள் அவர் முன்னால் போனால் வாய் வராது. அவர் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து எழுதிக்கொண்டிருப்பார். நான் துணியை மடித்து வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

வாடைக்காற்று தொடங்கிய பிறகு பனிச்சங்கேணிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் முன்னால் மூன்று தங்கவில்லை. ஆகையால் நாள் வரும் முன்பே டொக்டர் அவளை வார்ட்டில் மறித்து வைத்திருந்தார். அவளுடைய தாய், கடலோடு காய்ந்த உடம்பும் ஓயாத வாயும் உள்ள மனுஷி, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கூடவே இருந்தாள். ஒருநாள் படுக்கைவிரிப்பு மாற்றும்போது அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்:

"உங்களுக்கு எத்தின புள்ளை அக்கா?"

"மூண்டு. தங்கயில்ல."

அவள் விரிப்பின் மற்ற முனையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "எனக்கும் மூண்டுதான் அக்கா" என்றாள். பிறகு, "இதையும் பார்ப்பம்" என்று வயிற்றைத் தடவினாள்.

அன்றிலிருந்து நான் வேலைக்குப் போனதும் முதலில் அவள் கட்டிலைத்தான் பார்ப்பேன். அவளுக்கு உயிருள்ள பிள்ளை கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். அவளுடைய இளங்கொடியை மிஸ் பார்க்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். எது பெரிய ஆசை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்தவுடனேயே கத்தினான். மருத்துவிச்சி மிஸ்ஸி, "கத்தடா மனே கத்து, மட்டக்களப்பெல்லாம் கேக்கட்டும்" என்றார். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். துண்டு எடுக்க அந்தப் பெண் முன்பே சம்மதித்திருந்தாள். தாய்க்காரிதான் முணுமுணுத்தாள். "எடுங்க. ஆனா அந்தத் துண்டை எனக்குத் திருப்பித் தரணும். இளங்கொடியை அரைகுறையாப் புதைக்கப்படாது" என்றாள். மிஸ் அதற்கும் சரி என்றார்.

துண்டுகளைக் குளிரில் வைக்கிற பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டது. இளங்கொடியைத் தட்டில் வைத்துத் துணியால் மூடிவிட்டு, மீன் சந்தையடிக்கு ஐஸ் வாங்க ஓடினேன். திரும்பி வந்து தட்டை எடுத்துக்கொண்டு மிஸ்ஸின் அறைக்குப் போனேன். வானம் கறுத்துக் கிடந்தது, காற்று யன்னல்களை அடித்தது.

மிஸ் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று கண்ணாடி வைப்பார். ஒன்றில் லெக்டினே இருக்காது, வெறும் துண்டு மட்டும். அடுத்ததில் மூடி கழற்றாத துண்டும் கச்சானும். மூன்றாவதில் மூடி கழற்றிய துண்டும் கச்சானும். வழக்கமாக வெறுங் கண்ணாடியைத்தான் முதலில் பார்ப்பார். அன்று கரண்ட் போய்விடும் என்ற பயத்தில் இரண்டாவதை முதலில் வைத்தார். மூடி கழற்றாத துண்டு, ஆகவே கச்சான் ஒட்டாது, இருட்டாக இருக்க வேண்டும்.

அவர் கண்ணை வைத்தார். எடுக்கவில்லை. திருகைத் திருப்பினார், கண்ணாடியை நகர்த்தினார்.

"அக்கா" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "எல்லாம் எரியுது."

"என்ன மிஸ்?"

"மூடி கழட்டாமலே ஒட்டியிருக்கு. ஓரமெல்லாம் பச்சை. இது மற்றதுகளைப் போல இல்ல. இது வேற மாதிரி." எழும்பி நின்று மறுபடியும் இருந்தார். "இவவுக்குத்தானே முந்தி மூண்டு தங்கயில்ல எண்டு சொன்னீங்க?"

நான் தலையாட்டினேன். அப்போது காற்று ஒரு அடி அடித்தது, கரண்ட் நின்றது. இருட்டுக்குள் மிஸ் தனக்குத்தானே, "வெறுங் கண்ணாடியைப் பாக்கயில்ல, அதைப் பாக்காம ஒண்டும் சொல்லேலாது" என்றார். அது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. "இது வேற மாதிரி" என்பதை மட்டும் கொண்டுபோனேன்.

எங்கேயோ தூண் விழுந்ததாம், திங்கட்கிழமைதான் கரண்ட் வருமென்றார்கள். சனிக்கிழமை முழுவதும் மழை. என் கணவர் தோணியைக் கரையில் இழுத்துக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்தார். ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்தபின், அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் போய் இருந்தேன். சீனியைப் பற்றியும் மூடியைப் பற்றியும் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது அதற்கு முன்னால் இல்லை. அவர் வலையை மடியில் விட்டுவிட்டுக் கேட்டார்.

"அப்ப காரணம் ஒண்டு இருக்கு" என்றார்.

"இருக்காம் போல."

"உன்ட உடம்பில பிழை இல்ல."

"அந்த மூடியிலதான் என்னமோ."

"அதுக்கு மருந்திருக்காமா?"

"இப்பத்தானே கண்டுபிடிச்சிருக்கா. மறுகா மருந்தும் பிடிப்பாங்க. அந்தப் பனிச்சங்கேணிப் பெட்டைக்கு நாலாவது தங்கியிருக்குத்தானே."

அவர் எழும்பிப் பரணில் கையை விட்டு, தும்புக் கயிறு ஒன்றை எடுத்தார். மூன்றாவது பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்டவென்று அவர் முன்கூட்டியே வாங்கிய கயிறு அது. நான் அதை எறிந்திருப்பார் என்றே நினைத்திருந்தேன். தூசி தட்டினார். இரண்டு கையிலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு உள்வீட்டுக் கூரையைத் தாங்கும் வளையில் எறிந்து முடிச்சுப் போட்டு, தன் பாரத்தைக் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார்.

"உக்கயில்ல" என்றார்.

அன்று அவருடைய பாய் உள்ளே வந்தது.

திங்கட்கிழமை காலை கரண்ட் வந்தது. நான் பிரசவ அறை வேலையை முடித்து மிஸ்ஸின் அறைக்குப் போனபோது அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தார். வெறுங் கண்ணாடியும் பச்சையாக எரிகிறது என்றார். லெக்டின் ஒரு துளிகூட விடாத துண்டு அது. கச்சான் இல்லாமலே எரிந்தால், அன்று கண்டது கச்சான் பிடித்த சீனி இல்லை. அப்படியானால் அது என்ன? சாயம் சிந்தியதோ என்று பார்த்தார், உப்புநீரை மாற்றிப் பார்த்தார், பழைய துண்டொன்றை வைத்துப் பார்த்தார். பழையது ஒழுங்காக இருட்டாக இருந்தது.

அந்த நேரம் பனிச்சங்கேணி மனுஷி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். மகளை அன்று வார்ட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இளங்கொடியைப் புது மண்முட்டியில் வைத்து மூடி, பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்தாளாம்.

"எங்க மிஸ் எங்கட துண்டு? பஸ் வெளிக்கிடப் போகுது. அந்த நகத்தளவு இல்லாம முட்டியைக் கொண்டுபோனா என்ட புருஷன் என்னையும் சேத்துப் புதைச்சுப் போடுவான்."

மிஸ் மீதித் துண்டிருந்த குப்பியை எடுத்து நீட்டினார். வாங்க நீண்ட கையைப் பார்த்தவர் குப்பியை விடவில்லை. உள்ளங்கையும் விரல் இடுக்கும் நகக்கண்ணும் மஞ்சள்.

"அம்மா, கையில என்ன?"

"மஞ்சள்தான். வேறென்ன."

"இளங்கொடியில மஞ்சள் போட்டீங்களா?"

"போடாம? அண்டைக்கு இவ ஐஸுக்கு ஓடினாதானே" என்று என்னைக் காட்டினாள். "ரத்தமும் சளியுமா ஒரு தட்டில வச்சிட்டு ஓடிற்றா. பைப்படிக்குக் கொண்டுபோய் மஞ்சத்தண்ணியால வடிவாக் கழுவித் திருப்பி வச்சன். பிறத்தியாருக்குக் குடுக்கிற சாமானைக் கழுவாமலா குடுக்கிற? எங்களை என்னெண்டு நினைப்பாங்க?"

மிஸ் அவளுடைய விரல் நுனியை ஒரு கண்ணாடித் துண்டில் அழுத்தச் சொன்னார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். மஞ்சளும் அந்த விளக்கில் பச்சையாக மின்னுமாம். நடந்ததைச் சொல்லி மனுஷியையும் கூப்பிட்டுப் பார்க்க வைத்தார்.

"இந்தா, என்ட கை விளக்காட்டம் எரியுது!" என்று அவளும் சிரித்தாள். "மூண்டு நாளா இதுக்கா மண்டையைப் போட்டு உடைச்சீங்க? என்னட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே." குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். வாசலில் மகள் பிள்ளையோடு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்து, பிள்ளையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். நித்திரையில் வாயைச் சப்பிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தபோது மிஸ் இன்னும் புன்னகையோடு கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"என்ன அக்கா?"

எப்படிக் கேட்டேனோ தெரியாது. இத்தனை நாள் பாடமாக்கி வைத்த சொற்கள் ஒன்றும் வரவில்லை.

"எனக்கும் மூண்டு தங்கயில்ல மிஸ்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். அவர் கை குளிர்ந்து கிடந்தது, ஐஸ் பெட்டிக்குள் விட்டிருப்பார் போல. பிறகு சொன்னார்:

"எனக்குத் தெரியாது அக்கா. பொய் சொல்ல மாட்டன். நான் பாக்கிறது எந்தச் சீனி எந்த இடத்தில இருக்குது எண்டு மட்டும்தான். ஏன் ஒண்டு தங்குது, ஏன் ஒண்டு தங்கயில்ல எண்டு சொல்ற அளவுக்கு ஒருத்தரும் இன்னும் வரயில்ல. நான் வெள்ளிக்கிழமை வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கணும்."

"இல்ல மிஸ், அதால ஒண்டுமில்ல" என்றேன்.

"ஒரு நாளும் நீங்க இதுக்குள்ள பாக்கயில்லையே. வாங்க."

வேறொரு தாயின் துண்டை வைத்தார். மூடி கழற்றி, கச்சான் விட்டது. நான் பார்த்தேன். முதலில் ஒரே இருட்டு. பிறகு கிளைகள் தெரிந்தன. ஒவ்வொரு கிளையின் விளிம்பிலும் மெல்லிய பச்சைக் கோடு. சில மாதங்களில் பொழுதுபட்ட பிறகு தோணியில் போனால், துடுப்புப் படுகிற இடத்தில் வாவித் தண்ணீர் பச்சையாக மின்னும். அந்த நிறம்தான். அந்தக் கோட்டுக்கு வெளியே தாய், உள்ளே பிள்ளை என்றார் மிஸ். கண்ணை எடுக்க மனம் வரவில்லை. எனக்குள்ளும் மூன்று தரம் இப்படி ஒரு கோடு இருந்திருக்கும். ஒருவரும் பார்க்காமல் அது கிடங்குக்குப் போயிருக்கும். அதைப் பார்க்க எனக்கு ஒரு தரம் கிடைத்திருந்தால் போதும் என்றிருந்தது. காரணம்கூட வேண்டாம்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். கணவர் குளித்துச் சட்டை போட்டு விறாந்தையில் இருந்தார். நான் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னவாம்?"

"அது மஞ்சள்."

"என்ன மஞ்சள்?"

சொன்னேன். பைப்படியில் கழுவியதையும், விரலை அழுத்திப் பார்த்ததையும், மனுஷி சொன்னதையும். அவருக்கு ஒரு இடத்தில் சிரிப்பு வந்து நின்றுவிட்டது.

"அப்ப சீனியும் பொய்யா?"

"சீனி மெய்தான். எல்லாருக்கும் இருக்காம்."

"உனக்கும்?"

"என்டதை ஒருத்தரும் பாக்கயில்லையே."

அவர் உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். ஏணைக் கயிறு வளையில் தொங்கியது. காற்றுக்கு மெல்ல ஆடியது. நான் கதிரையை இழுத்து ஏறி முடிச்சில் கை வைத்தேன்.

"கிடக்கட்டும்" என்றார்.

நான் இறங்கி, சோறு போட்டேன்.

மறுநாள் தோணியின் கயிறு அறுந்துவிட்டது என்று அவர் ஏணைக் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுபோனார். நான் காலை வேலைக்குப் போனேன். அன்று பிரசவம் ஒன்றும் இருக்கவில்லை.